மேல போன நிபுணர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் உலகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறுவதுதான் என் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புவியியல் துறைக்கு உதவியாளராக இருக்கிறேன். வரைபடங்களை விரிப்பது, ஆணியில் மாட்டுவது, வகுப்பு முடிந்ததும் சுருட்டுவது, பூமி உருண்டையைத் துடைப்பது, டீ வாங்கி வருவது. இதில் டீ வாங்கி வருவதுதான் சிரமம். உலகத்தில் எந்தக் கப்பல் எந்தக் கால்வாயில் சிக்கினாலும் அதைப் பேசிப் பேசியே எங்கள் துறையில் டீ ஆறிவிடும், நான் மறுபடி வாங்கப் போக வேண்டும்.

புவியியல்காரர்கள் தனி ரகம். சாக்கடையைப் பார்த்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். இவர்கள் குனிந்து, இது எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் தெரியாது. யாரோ ஒரு நாட்டில் கோதுமை விளையவில்லை என்றால் முகம் வாடிவிடும். "அங்கன குண்டு போட்டா இங்கன எண்ணெய் வெலை ஏறும்" என்று எங்கள் மூத்த சார் சொல்வார். கல்லிடைக்குறிச்சிக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அதனால ரெண்டு வடை கொறச்சே வாங்கும்வே" என்பார். உலக நடப்புக்கும் எங்கள் வடைக்கும் உள்ள தொடர்பு எனக்கு அப்படித்தான் புரிந்தது.

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கால் பின்னிக்கொள்ளும். புவியியல் துறையில் அந்தத் தொந்தரவு இல்லை. எல்லோரும் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்க்க மாட்டார்கள். ஆசியாவுக்குப் பின்னால் நின்றே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சேதி வந்தது. புவியியலில் சேரும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆகையால் துறையை வரலாற்றுத் துறையோடு சேர்த்துவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது என்றார்கள். வரலாற்றுத் துறைக்கு ஏற்கெனவே ஓர் உதவியாளர் உண்டு. அப்படியானால் நான் எங்கே? விலங்கியல் ஆய்வகத்துக்கு. அங்கே இருக்கும் மேலப்பாளையத்து பாய் ஓய்வு பெறப் போகிறார்.

விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு அலமாரி நிறைய ஜாடிகள். ஜாடிக்குள் மருந்துத் தண்ணீரில் பாம்புகள். சாரை, கண்ணாடி விரியன், பேர் தெரியாத இன்னும் சில. எல்லாம் கண்ணைத் திறந்தபடி. தூசி படியாமல் அவற்றைத் துடைத்து, தண்ணீர் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்து. எனக்கு மண்புழுவே ஆகாது.

பாய்க்கோ ஒரே சந்தோஷம். வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னவே, எப்ப வாரீரு? பிள்ளையள்லாம் ஒம்மளக் கேட்டுக்கிட்டே கெடக்கு" என்பார். பிள்ளைகள் என்றால் பாம்புகள்.

"பாய், வெளையாடாதீங்க. எனக்கு நெஞ்சு அடிக்கு."

"செத்த பாம்புவே அது. கடிக்காது."

"செத்தது அதுக்குத் தெரியுமா பாய்?"

பாய் ஆய்வகக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அத நான் கேக்கலவே" என்றார்.

துறையை வைப்பதா சேர்ப்பதா என்று பார்த்துச் சொல்லச் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக முடிவானது. பல நாடுகள் சுற்றியவர். நகரங்களைப் பற்றிப் பேசுவதற்காகவே ஊர் ஊராகப் பறக்கிறவர். அவர் எழுதிக் கொடுப்பதுதான் தீர்ப்பு. எங்கள் துறைத் தலைவர் மேடம் ஈரோட்டுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் ராத்தூக்கம் இல்லாமல் திட்டம் போட்டார். நிபுணரை வகுப்பறையில் உட்கார வைக்கக் கூடாது, ஆற்றோரமாகக் கூட்டிப்போய்ப் பிள்ளைகள் வேலை செய்வதைக் காட்ட வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஊர்க்காரர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் மனதில் இருக்கும் ஊரை வரையுங்கள் என்று கேட்பார்கள். ஒருவர் தன் வீட்டைப் பெரிதாகவும் போலீஸ் ஸ்டேஷனைச் சின்னதாகவும் வரைவார். அதில் ஏதோ ஆராய்ச்சி இருக்கிறதாம்.

அன்று காலை வேன் கிளம்பியது. நிபுணர் ஜன்னலோரம். தொப்பி, தோள்பை, நல்ல கேன்வாஸ் ஷூ. வழிநெடுக வயலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், ஒரு பாலத்தில் வேனை நிறுத்தச் சொல்லி ஆகாயத்தாமரையைப் பார்த்தார். மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுநடுவே கண்ணை மூடினால் சாரை தெரிந்தது.

படித்துறைப் பக்கம் மரத்தடியில் இறங்கினோம். பிள்ளைகள் தாள்களோடு பிரிந்து போனார்கள். மூத்த சார் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வாங்க அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினார். அப்போது நிபுணர் தன் செல்போனை எடுத்து வேன் சீட்டில் வைத்தார்.

"நான் கொஞ்சம் தொலைஞ்சு போயிட்டு வரேன்" என்றார்.

மேடம் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா அதுல தொலையணும்மா. போன் இல்லாம, மேப் இல்லாம, துணை இல்லாம. எந்த ஊருக்குப் போனாலும் நான் முதல்ல இதைத்தான் செய்வேன்."

சொல்லிவிட்டுக் கைவீசி நடந்தார். மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, அவர் பின்னாடியே போங்க. உங்களைப் பார்த்துடக் கூடாது. பார்த்தா தொலைஞ்ச மாதிரி இருக்காதுன்னு கோவிச்சுக்குவார். ஆனா நெஜமாத் தொலைஞ்சு போயிடவும் கூடாது. புரியுதுங்களா?"

புரிந்தது. யார் கண்ணிலும் படாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை. வாழ்நாளில் முதல் தடவையாக என் கூச்சத்துக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது.

ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த அக்ரஹாரத் தெருவில் ஒருவரைப் பின்தொடர்வது லேசு இல்லை. அவர் நின்றால் நான் நிற்க வேண்டும். அவர் வாறுகால் சாக்கடையைக் குனிந்து பார்த்தார், நான் ஒரு மாட்டின் பின்னால் நின்றேன். மாடு நகர்ந்துவிட்டது. நான் ஒரு வீட்டு வாசலில் காய்ந்த சேலையின் பின்னால் போனேன். சேலைக்குச் சொந்தக்கார அம்மா வெளியே வந்து, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன அண்ணாச்சி, அவரு மாப்பிள்ளைக்கு அப்பாவா? பைய விசாரிக்கியளா?"

தலையை ஆட்டிவிட்டேன்.

"நடை நல்லாத்தான் இருக்கு. முடிச்சிருங்க" என்றார்.

அந்த அம்மாவிடமிருந்து தப்பித் தெருமுனைக்கு வருவதற்குள் நிபுணரைக் காணவில்லை. முனையில் தேய்ப்பு வண்டிக்காரர் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் வழி கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. பஸ்ஸில் தவறான ஊரில் இறங்கினால்கூட, இங்கேதான் வேலை என்பது போல நடந்து போய்விடுவேன். ஆனால் இப்போது கண்ணுக்குள் ஜாடி மூடி திறந்தது. கேட்டுவிட்டேன்.

"இங்கன தொப்பி போட்டு ஒருத்தர் வந்தாரா?"

"வந்தாரு அண்ணாச்சி. ஊரு பூராவும் பாக்கணும், எங்க போகணும்னு கேட்டாரு. மேல போங்கன்னேன். மேல போயிட்டாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு."

எங்கள் பக்கத்தில் மேற்கை மேல என்போம், கிழக்கைக் கீழ என்போம். மேலத்தெரு, கீழத்தெரு என்று எந்த ஊரிலும் இருக்கும். நான் மேற்கே ஓடினேன். தெரு முடிந்தது, கோயில் வந்தது, கோயில் முடிந்தது, வயல் வந்தது. வயலில் கொக்குகள் நின்றன. தொப்பி இல்லை. நல்ல வெயில். கண்ணில் தூசி விழுந்து தண்ணீராகக் கொட்டியது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு படித்துறைக்குத் திரும்பினேன். வேர்வையும் கண்ணீருமாகத் துண்டைக் கையில் பிடித்துத் தலைகுனிந்து மேடம் முன்னால் நின்றேன்.

"எங்கங்கண்ணா அவரு?"

"மேடம்... சார் மேல போயிட்டாரு."

மேடம் என்னையே பார்த்தார். "என்னங்கண்ணா சொல்றீங்க?"

"மேல போயிட்டாரு மேடம். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். பிடிக்க முடியல."

மேடம் மரத்தடி வேரில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிங்கண்ணா... திடீர்னு?"

"வெயில்ல நடந்திருக்காரு. முனையில தேய்க்கிறவர்தான் கடைசியாப் பார்த்தவரு."

"கூட யாரும் இல்லையா?"

"இல்ல மேடம். தனியாத்தான் போயிருக்காரு."

"கஷ்டப்பட்டாரா?"

இது எனக்குக் கொஞ்சம் வினோதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மேடத்தைத் தேற்ற வேண்டுமே. "இல்ல மேடம். சிரிச்சுக்கிட்டே போனாராம்."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். துறை கைவிட்டுப் போகிறதே என்று அழுகிறார் என நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது, பாம்பை நினைத்து. இருவரும் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மேடம் போனை எடுத்துக்கொண்டு வேனுக்கு அந்தப் பக்கம் போய்க் கல்லூரி முதல்வரிடம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அவரு இருக்கற எடத்துக்கு யாராவது கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் மேற்கே கையைக் காட்டினேன். அப்போது வேன் சீட்டில் நிபுணரின் போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது.

"நீங்க எடுங்கண்ணா" என்றார் மேடம்.

நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்த நேரத்தில் மூத்த சார் சாப்பாட்டுப் பைகளோடு வந்து இறங்கினார். எல்லோரும் அழுவதைப் பார்த்துப் பைகளை அப்படியே கீழே வைத்தார். மேடம் விம்மி விம்மிச் சொன்னதும், அவர் என்னைத் தனியே இழுத்தார்.

"ஏலே, என்னலே சொன்ன அந்த அம்மாகிட்ட?"

"சார் மேல போயிட்டாருன்னு சொன்னேன் சார்."

"மேலன்னா?"

"மேல சார். மேக்க."

மூத்த சார் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பிறகு மேடம் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் கூப்பினார். "அம்மா, அழாதீங்க. அவரு மேற்க போனாருன்னுதான் இவன் சொல்லியிருக்கான். மேலோகத்துக்கு இல்ல."

மேடம் அழுகையை நிறுத்த ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். பிறகு, "ஐயோ, முதல்வர்!" என்று போனைத் தேடினார். அடித்தார், அடித்தார். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது பாய் எனக்கு போன் செய்தபோது தெரிந்தது.

"ஏவே, ஒங்க ஆளு போயிட்டாராமே! இங்க அரங்கத்துல எல்லாரும் எந்திரிச்சு நிக்கோம். மௌனம். நான் வெளிய வந்து பேசுதேன். நல்ல மனுசனாவே?"

"பாய், அவரு உயிரோட இருக்காரு!"

"அப்ப மௌனத்த நான் எப்படிவே நிறுத்துவேன்? நான் ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே" என்றார். அவருக்கும் கூச்சம் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் எல்லோரும் நிபுணரைத் தேடிக் கிளம்பினோம். தேய்ப்பு வண்டிக்குப் பக்கத்தில் வரும்போது தலைக்கு மேலிருந்து ஒரு குரல். "ஹூய்! ஹூய்!" நிமிர்ந்து பார்த்தோம். ஒரு வீட்டு மொட்டை மாடியில், கையில் நீளக் கம்போடு, தொப்பிக்கு மேல் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு நிபுணர் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஊர் முழுவதையும் பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேட்டவரிடம் மேல போகச் சொன்னால், அவர் என்ன செய்வார்? பக்கத்திலேயே மாடிப்படி. ஏறிவிட்டார். மேலே அப்பளம் காய்ந்தது. அங்கிருந்த பெண்கள், காக்கை விரட்டுவதற்கு அப்பளக் கடை முதலாளி அனுப்பிய புது ஆள் என்று நினைத்துக் கம்பைக் கையில் கொடுத்தார்கள். ஷூவை மட்டும் கழற்றச் சொன்னார்களாம். "இவ்வளவு நேரமா எங்க போனீரு, ரெண்டு காக்கா கொத்திட்டுப் போயிட்டு" என்று ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

"அருமையான இடம்!" என்று மேலிருந்தே மேடத்திடம் கத்தினார். "இங்கேயிருந்து ஆறு தெரியுது, வயல் தெரியுது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு அப்பளத்தைப் பார்த்தே சொல்றாங்க! நான் முழுசாத் தொலைஞ்சுட்டேன்!"

"சரி, சரி, அந்தப் பக்கம் காக்கா வருது பாரும்" என்றார் ஒரு அம்மா.

இறங்கும்போது கையில் அப்பளக்கட்டு. மூக்கு சிவந்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு பெரிய மனிதரை நான் பார்த்ததில்லை. மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். துறை பிழைத்தது என்று அப்போதே நினைத்துவிட்டோம். அவர் இறந்த கதையை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. போய்ச் சேருவதற்குள் முதல்வரைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தோம். முதல்வர் போன் மௌனத்திலேயே இருந்தது. பாயும் கூச்சத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்லூரி வாசலில் வேன் திரும்பியதும் மேடம் "ஐயோ" என்றார். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். இந்த ஊரில் ஃபிளெக்ஸ் கடைக்காரர்களின் வேகத்தை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். நடுவில் நிபுணரின் சிரித்த முகம். இரண்டு பக்கமும் விளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. ஒரு ரோஜா மாலை உண்மையாகவே மாட்டியிருந்தது. பாய் அதன் பக்கத்தில் நின்று, எங்களைக் கண்டதும் மாலையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நிபுணர் இறங்கினார். ஃபிளெக்ஸின் முன்னால் நின்றார். மூத்த சார் என் காதில், "லே, நீ பாம்புக்குத் தண்ணி ஊத்த இப்பவே பழகிக்கோ" என்றார்.

நிபுணர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் படித்தார். முகம் மாறியது. மூக்கின் சிவப்பு காது வரைக்கும் பரவியது.

"யார் எழுதினது இது?"

மேடம் கைகளைப் பிசைந்தார். "சார், ஒரு தப்பு நடந்துடுச்சுங்க சார், நீங்க இல்லைன்னு நினைச்சு..."

"அது கிடக்கட்டும்மா. செத்ததா சேதி வந்தா ஆயுசு கூடும்னு எங்க வீட்டுல சந்தோஷப்படுவாங்க. இதைப் பாருங்க." விரலால் தட்டிக் காட்டினார்.

பேருக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது: 'புகழ்பெற்ற வரலாற்று அறிஞர்'.

"வரலாறா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "நான் எத்தனை நாடு நடந்தேன், எத்தனை ஆறு பார்த்தேன். கடைசியில என்னை வரலாறுன்னு எழுதி அனுப்புவாங்களா? நான் நிஜமாப் போயிருந்தா இதுதானே நிக்கும்?"

அரங்கத்திலிருந்து முதல்வர் ஓடி வந்தார். நிபுணரை உயிரோடு பார்த்ததும் கும்பிட்டார். எதற்குக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே சார்னு கடைக்காரன் கேட்டான்..." என்று இழுத்தார். அதோடு முடிந்தது கதை. நிபுணர் முதல்வரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார். நான் டீ கொண்டுபோனேன். டீ ஆறியது. அவர் தலை நிமிரவில்லை. பேனா தாளைக் கிழித்துவிடும் போல ஓடியது.

பிறகு மேடம் எங்களுக்கு அதைப் படித்துக் காட்டினார். புவியியலை வரலாற்றோடு சேர்ப்பது என்பது உயிரோடு இருப்பவரை இறந்தவராக எழுதுவதற்குச் சமம், அந்தத் தவறை இந்தக் கல்லூரி ஒரே நாளில் இரண்டு தடவை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தார். துறை தனியாகவே இருக்க வேண்டும். வருஷம் ஒரு முறை மாணவர்களை ஏதாவது ஓர் ஊரில் தொலைய விட வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் பின்தொடர ஒருவர் வேண்டும், அவருக்குக் கூச்ச சுபாவம் இருந்தால் நல்லது என்றும் ஒரு வரி. இது மேடம் சொல்லிச் சேர்த்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

பாய் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அலமாரிக்கு வேறு யாரோ வந்திருக்கிறார், தைரியசாலி என்று கேள்வி. நிர்வாகமும் அந்தத் தாளுக்கு மறுபேச்சு பேசவில்லை.

இந்த வருஷம் பிள்ளைகளை அம்பாசமுத்திரத்தில் தொலைய விட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு பால்பூத்துக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் போனை மேடத்திடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். ஐந்து அடி நடந்து, எல்லோரும் ஒரே ஜூஸ் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே வரவில்லை. நானும் நகரவில்லை. என் வேலை ஒழுங்காக ஒளிந்திருப்பது. ரொம்ப ஒழுங்காக ஒளிந்துவிட்டேன் போலிருக்கிறது. ஜூஸ் கடையின் பின்வாசல் வழியாக அவர்கள் கிளம்பி, வேன் ஏறி, பாளையங்கோட்டைக்கே போய்விட்டார்கள். யாருக்கும் என் நினைப்பு வரவில்லை. நான் பஸ் பிடித்து வந்து சேரும்போது மேடம் துறை வாசலில் நின்றார்.

"எங்கங்கண்ணா போனீங்க?"

"அம்பாசமுத்திரத்துலதான் மேடம் இருந்தேன்."

"தொலைஞ்சீங்களா?"

கொஞ்சம் யோசித்தேன். "ஆமா மேடம்" என்றேன்.

மேடம் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய், துறையில் இந்த வருஷம் ஒருவராவது தொலைந்தார் என்று மூத்த சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கப் போனேன்.